அடைப்பு வந்த கடுவனுக்கு டிரை ஃபுட்டா, வெட் ஃபுட்டா, காசிமேட்டு மீனா?

மூத்திர அடைப்பு வந்து தேறிய கடுவன் பூனைக்கு இனிமேல் என்ன போடுவது என்பதில் வட சென்னையில் எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் மூன்று கட்சி உண்டு. மூத்திரத் தொந்தரவுக்கென்றே வரும் ‘யூரினரி’ டிரை ஃபுட் ஒன்று, அதே யூரினரி வகையில் குழம்போடு பாக்கெட்டில் வரும் வெட் ஃபுட் இன்னொன்று, அப்புறம் காசிமேட்டு மீனை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து போடுவது. எங்கள் கடுவனுக்கு வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு மூத்திரம் எடுத்து, வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு நாங்கள் பிடித்துக்கொண்டது வெட் ஃபுட்டை. நாளைக்கு இன்னொரு பூனைக்கு வந்தாலும் அதைத்தான் எடுப்பேன்.

அறிகுறிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அடிக்கடி மண் டப்பாவுக்குப் போய்க் குந்துவது, சொட்டுச் சொட்டாக வருவது, ரத்தம் கலந்து வருவது, பாத்ரூமில் தண்ணீர் போகும் ஜாலி மேல் உட்கார்ந்து கத்துவது, அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருப்பது. கடுவன் முக்கியும் ஒன்றுமே வரவில்லை என்றால் ராத்திரி ஆனாலும் அப்போதே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கடுவனின் மூத்திரக் குழாய் நுனியில் ரொம்பக் குறுகல், அது அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பு தடுமாறி, இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும். முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் புகட்டுவது, கல்லுக்கு நல்லது என்று வாழைத்தண்டுச் சாறு ஊற்றுவது எல்லாம் இருக்கிற கொஞ்ச நேரத்தையும் வீணாக்கும். வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது, பூனைக்கு அது விஷம்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். யூரினரி டிரை ஃபுட்டைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. மக்னீசியத்தையும் பாஸ்பரஸையும் அளவோடு வைத்து, மூத்திரத்தைக் கொஞ்சம் அமிலமாக்கி, ஸ்ட்ருவைட் வகைக் கற்களைச் சில வாரங்களில் கரைக்கக்கூடிய தீனி அது. கால்சியம் ஆக்சலேட் கல் என்றால் எந்தத் தீனியும் கரைக்காது, அது வேறு கதை. பை பிரித்தால் பல வாரம் வரும், கிண்ணத்தில் போட்டுவிட்டு வேலைக்குப் போகலாம், செலவும் குறைவு.

ஆனால் என் கணக்கு ஒன்றே ஒன்றுதான்: பூனையின் உடம்புக்குள் எவ்வளவு தண்ணீர் போகிறது? பாலைவனத்துக் காட்டுப்பூனை வழியில் வந்த உயிர் என்பதால் தாகம் அதற்கு அவ்வளவாகத் தெரியாது, இரையில் இருக்கிற ஈரத்தை நம்பியே பிழைத்த வம்சம். 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் வேண்டும். டிரை ஃபுட்டில் ஈரம் 10 சதவீதத்துக்குள், 60 கிராம் தின்றால் 6 மில்லி உள்ளே போகும், மிச்சத்தை அது குடித்தே ஈடுகட்ட வேண்டும், பெரும்பாலான பூனைகள் அவ்வளவு குடிப்பதில்லை. 85 கிராம் வெட் ஃபுட் பாக்கெட்டில் 80 சதவீதத்தை ஒட்டி ஈரம், மூன்று பாக்கெட் தின்றால் தேவையான தண்ணீர் தின்றதிலேயே வந்துவிடுகிறது. மூத்திரம் நீர்த்துப்போனால் படிகம் சேர்வது குறைகிறது, மூத்திரப்பையின் உள்சுவரில் எரிச்சலும் குறைகிறது. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், காரணம் தெரியாத மூத்திரப்பை அழற்சி வந்த பூனைகளுக்கு யூரினரி தீனியையே கொடுத்து ஒரு வருடம் பார்த்தார்கள், வெட் தின்றவற்றில் 11 சதவீதத்துக்கும் டிரை தின்றவற்றில் 39 சதவீதத்துக்கும் தொந்தரவு திரும்பியது. பூனைகளின் எண்ணிக்கை குறைவுதான், ஆனாலும் எனக்கு அது போதுமானதாக இருந்தது. வீட்டிலேயே கண்ணால் பார்க்கலாம்: கட்டியாகும் லிட்டர் மண்ணில் முன்பெல்லாம் நெல்லிக்காய் அளவுக்குத்தான் கட்டி இருக்கும், வெட் ஃபுட்டுக்கு மாறிய பிறகு பெரிய எலுமிச்சை அளவுக்கு அள்ளுகிறேன், நெடியும் அடங்கிவிட்டது.

கஷ்டம் இல்லாமல் இல்லை. மே மாத வெயிலில் தட்டில் வைத்தது சீக்கிரம் நொதித்துவிடும், எறும்பு அதற்கு முன்னாலேயே வந்துவிடும். தண்ணீர் ஊற்றிய சாசருக்கு நடுவே தட்டை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளையாகப் போட்டு, மிச்சத்தை ஃபிரிஜ்ஜில் வைத்து, எடுக்கும்போது வெந்நீர் கலந்து கொடுக்கிறோம், அந்த வெந்நீரும் கணக்கில் சேரும். மாதச் செலவு டிரையைவிடக் கூடத்தான். யூரினரி பாக்கெட் எல்லாக் கடையிலும் இருக்காது, முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும்.

மீன் கட்சிக்கு என்ன சொல்வது? காரப்பொடி மீன் மலிவாகக் கிடைக்கிற ஊரில் பூனைக்குப் பாக்கெட் தீனியா என்று பெரியம்மா கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் வெறும் மீனும் சோறும் பூனைக்கு முழுச் சாப்பாடு ஆகாது. பச்சை மீன்கள் பலவற்றில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி உண்டு, வேகவைத்து நீரைக் கொட்டினால் பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்து நிறையப் போய்விடும், கொழுப்பு அதிகமுள்ள மத்தியையே தினமும் போட்டால் வைட்டமின் ஈ பற்றாக்குறை வரும். கருவாடு பக்கமே போக வேண்டாம், அவ்வளவு உப்பு. உப்பு, வெங்காயம், பூண்டு போடாமல் மீன் வேகவைத்த தண்ணீரை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தீனியில் கொஞ்சம் ஊற்றலாம், அதோடு சரி.

தண்ணீர் மட்டும் எல்லாவற்றையும் சரிசெய்யாது. இளம் பூனைகளுக்கு வரும் மூத்திரத் தொந்தரவில் பாதிக்கு மேல் கிருமியோ கல்லோ காரணமில்லை, மன அழுத்தம் மூத்திரப்பையில் போய் வெளிப்படுகிறது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் குழுவினர், சாப்பாட்டு நேரமும் பார்த்துக்கொள்ளும் ஆளும் மாறினாலே நல்ல ஆரோக்கியமான பூனைகள்கூட டப்பாவுக்கு வெளியே போவதைக் கண்டார்கள். நம் பக்கத்துத் தெருக்களில் சாவு ஊர்வலம், பட்டாசு, மேளம், வாடகை வீட்டுக்கு மேல்மாடி கட்டும் சத்தம் எல்லாம் சாதாரணம். எங்கள் கடுவனுக்கு அதைவிடப் பெரிய தொல்லை, ஜன்னலுக்கு நேரே ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் வந்து உட்காரும் தெருக் கடுவன். கண்ணாடியின் கீழ்ப்பாதியில் பேப்பர் ஒட்டினோம், பீரோவுக்கு மேல் ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி வைத்தோம், மண் டப்பாவை வாஷிங் மெஷின் பக்கத்திலிருந்து உள் அறைக்கு மாற்றினோம். இரண்டு பூனை இருந்தால் மூன்று டப்பா வைக்கச் சொல்கிறார்கள், எங்கள் வீட்டில் ஒன்றுதான் என்பதால் அந்த அனுபவம் இல்லை. பூனையை அமைதிப்படுத்த என்று பிளக்கில் மாட்டும் ஃபெரோமோன் கருவியும் நான் வாங்கிப் பார்க்கவில்லை.

முழு வெட் ஃபுட் கட்டுப்படியாகாவிட்டால் ராத்திரி ஒரு வேளையாவது பாக்கெட், மற்ற வேளைக்கு அதே யூரினரி வகை டிரையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுங்கள். சாதாரணத் தீனியை நடுவில் கலந்தால் யூரினரி தீனியின் பலன் கெட்டுவிடும். திடீரென்று மாற்றினால் சில பூனைகள் பட்டினி கிடக்கும், அது ஈரலுக்கு ஆபத்து, அதனால் ஒரு வாரம் பத்து நாள் எடுத்துப் படிப்படியாக மாற்றுங்கள்.