நாகர்கோவில் பக்கம் துணியில் கோடு போடும் பேனா வாங்குபவர்கள் கவனிக்கவும்

குயில்ட் (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் விரிப்பு) தைக்கிறவர்கள், ஆரி வேலை செய்கிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். நாகர்கோவிலில் ஒரு தையல் பொருள் கடையில் தண்ணீரில் அழியும் நீலப் பேனா கேட்டேன். கம்பெனிப் பெயரே இல்லாத ரீஃபில் கட்டு ஒன்றை எடுத்துப் போட்டு, "ரெண்டும் ஒண்ணுதான்க்கா, அயர்ன் பண்ணாலே போயிரும்" என்றார் கடைக்காரர். பில்லிலும் 'வாஷபிள் பென்' என்றே எழுதினார்.

அயர்ன் போட்டதும் மறைந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பேனாவால் கோடு போட்டு நான் தைத்துக் கொடுத்த குழந்தை விரிப்பு போனது கனடாவுக்கு. பார்சல் ஒரு ராத்திரி முழுக்க வாசலில், பனியில் கிடந்திருக்கிறது. பிரித்தால் வெள்ளைத் துணியில் நான் போட்ட கட்டங்கள் அத்தனையும் அப்படியே! கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அது சூட்டில் நிறம் மறையும் மை. 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் கண்ணுக்குத் தெரியாமல் போகும், துணியை விட்டுப் போகாது. குளிர் மைனஸ் 10-க்குக் கீழே இறங்கினால் திரும்பவும் தெரியத் தொடங்கும். நம்ம ஊர் வெக்கையில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்ற தைரியம்! அடர் நிறத் துணி என்றால் பனிகூட வேண்டாம், வெளிறிய தடம் நின்றுவிடலாம்.

துண்டுத் துணியில் எழுதி, தேய்த்து, வீட்டு ஃப்ரீசரில் வைத்து, திரும்பி வந்த கோட்டோடு கடைக்கே கொண்டுபோய்க் காட்டினேன். "துணியிலதான் குறை" என்றுவிட்டார். எந்தப் பேனா வாங்கினாலும் இந்த ஃப்ரீசர் சோதனையைச் செய்துவிட்டு நல்ல துணியில் கை வையுங்கள்.

உண்மையான நீலப் பேனாவுக்கு வேறு பத்தியம். முதலில் வெறும் பச்சைத் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். அதற்கு முன் சோப்போ அயர்னோ பட்டால் கறையாக நின்றுவிடலாம். தானாக மறையும் ஊதாப் பேனா நம் மழைக்கால ஈரக்காற்றில் தையல் முடிவதற்குள் காணாமல் போகும். மெழுகு சாக் சூடு பட்டால் எண்ணெய்க் கறை மாதிரி இறங்கும். அடர் துணிக்குத் தேய்ந்து காய்ந்த வெள்ளைச் சோப்புச் சில்லு போதும், காசும் இல்லை. நேர்கோடுதான் என்றால் மழுங்கிய கத்தி முதுகால் அழுத்திக் கீறினாலே தடம் விழும். நான் இப்போது பெரும்பாலும் அதைத்தான் செய்கிறேன்.

பில் கையில் இருப்பதால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.