ஒருங்கிணைப்பாளரைத் தெரிவுசெய்வது எப்படி? நமது புள்ளடியும் டெபியன், பைத்தன், அப்பாச்சி வழிகளும்

யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருளுக்காகத் திருகோணமலையில் நாங்கள் நடத்தும் குழு சிறியது. நகரத்திலிருந்தும் உப்புவெளியிலிருந்தும் சிலர், கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் சிலர், கோணேசபுரியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்து மாணவர்கள் சிலர். செயலிகளைத் தமிழாக்குவது, பழைய கணினிகளில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவிப் பாடசாலைகளுக்குக் கொடுப்பது, பிழைகளைத் திருத்தி அனுப்புவது என்று வேலை நடக்கிறது. சென்ற முறை ஒருங்கிணைப்பாளரைக் கை உயர்த்தித் தெரிவுசெய்தோம். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. தோற்றவருக்காகக் கை உயர்த்திய இருவர் எங்களிடம் இருந்தவர்களிலேயே சிறந்த மொழிபெயர்ப்பாளர்கள். அடுத்த வாரத்திலிருந்து அவர்கள் வரவில்லை. யாரோடும் சண்டை பிடிக்கவில்லை, பேசாமல் விலகிவிட்டார்கள்.

அந்த இழப்பு இன்னும் என்னை உறுத்துகிறது. பிரதேச சபைத் தேர்தலில் தோற்ற கட்சிக்கு வாக்களித்தவர் மறுநாளும் அதே சபைக்குத்தான் வரி கட்டுகிறார். தன்னார்வலர்களைக் கட்டி வைக்க எங்களிடம் சம்பளமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. நிரலைப் பிரதியெடுத்துக்கொண்டு தனித் திட்டமாகக் கிளை பிரிய மென்பொருளின் உரிமமே இடம் கொடுக்கிறது. அதனால் எந்த வாக்குமுறையையும் நான் ஒரே கேள்வியால்தான் எடை போடுகிறேன்: தோற்ற தரப்பு மறுநாள் வேலைக்கு வருமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாக்காளர்கள் 31 பேர். போட்டியிடுவோர் மூவர்: ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒரு நிரலாளர், பயிற்சி வகுப்பு நடத்தும் ஓர் ஆசிரியை. 13 பேரின் வரிசை மொழிபெயர்ப்பாளர், ஆசிரியை, நிரலாளர். 11 பேரின் வரிசை நிரலாளர், ஆசிரியை, மொழிபெயர்ப்பாளர். மீதி 7 பேருக்கும் ஆசிரியையே முதல். அவர்களில் 5 பேர் அடுத்து நிரலாளரையும் 2 பேர் மொழிபெயர்ப்பாளரையும் விரும்புகிறார்கள்.

கை உயர்த்தினால் 13 வாக்குகளோடு மொழிபெயர்ப்பாளர் வெல்வார். 18 பேர் அவரை முதலாவதாக விரும்பவில்லை என்பது அறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். இந்த முறையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. மூன்று பேர் போட்டியிடும் இடத்தில் இதை வைக்கவே கூடாது.

அடுத்தது நமது ஜனாதிபதித் தேர்தல் முறை. 1, 2, 3 என்று விருப்பத்தைக் குறிக்கலாம். ஒருவரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால் முதல் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளின் அடுத்த விருப்பங்களை எண்ணுவார்கள். 2024 செப்டெம்பர் 21 இல் நடந்த தேர்தலில்தான் முதல் தடவையாக அந்த இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது. நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கமான முறை என்பதால் விளக்குவது எளிது. எங்கள் கணக்கில் ஆசிரியை முதலில் வெளியேறுவார். அவருடைய ஏழு சீட்டுகள் ஐந்தும் இரண்டுமாகப் பிரியும். நிரலாளர் 16, மொழிபெயர்ப்பாளர் 15. ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிரலாளர் வெல்வார்.

இப்போது அதே சீட்டுகளை இருவர் இருவராக மோதவிட்டு எண்ணுங்கள். ஆசிரியைக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இடையே 18க்கு 13. ஆசிரியைக்கும் நிரலாளருக்கும் இடையே 20க்கு 11. இரண்டு மோதலிலும் ஆசிரியைதான் வெல்கிறார். முதல் எண்ணிக்கையிலேயே தூக்கி எறியப்பட்டவரைத்தான் பெரும்பான்மையினர் மற்ற இருவரையும் விட ஏற்கிறார்கள்! அந்த 31 பேரில் அவரைக் கடைசியில் வைத்தவர் ஒருவரும் இல்லை. தோற்ற இரு தரப்பும் மறுநாள் அவரோடு வேலை செய்யும்.

பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே 18ஆம் நூற்றாண்டில் எடுத்துச் சொன்ன வழி இது. லினக்ஸ் சார்ந்த இயங்குதளம் ஒன்றைத் தன்னார்வலர்களே உருவாக்கும் டெபியன் திட்டம் தன் தலைவரை ஆண்டுதோறும் இப்படித்தான் தெரிவுசெய்கிறது. அ ஆவை வெல்ல, ஆ இயை வெல்ல, இ அவை வெல்லும் சுழல் எப்போதாவது வரலாம்; அதை அவிழ்க்க சுல்ட்சே முறை என்ற விதியை வைத்திருக்கிறார்கள். முப்பது சீட்டுகளைக் கையால் எண்ண ஒரு மாலைப்பொழுது போதும். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான இலவச இணையச் சேவை ஒன்றும் இதைச் செய்துதருகிறது.

டெபியனிடம் நான் மிகவும் மதிப்பது எண்ணும் முறையை விட இன்னொன்றை. வாக்குச்சீட்டில் ஆட்களின் பெயர்களோடு ‘இவர்களில் எவரும் இல்லை’ என்ற வரியும் எப்போதும் இருக்கும். அதற்கும் வரிசை எண் போடலாம். அந்த வரியைத் தாண்டாதவர் தலைவராக முடியாது. அதோடு, அந்த வரிக்கு மேலாக அவரை வைத்தவர்களின் தொகை ஒரு குறைந்தபட்ச அளவையும் எட்ட வேண்டும்: உறுப்பினர் தொகையின் வர்க்கமூலத்தில் பாதி, அதன் மும்மடங்கு. ஆயிரம் பேர் இருந்தால் ஏறத்தாழ 47. எங்கள் 31 பேருக்கு ஒன்பது பேர் தேவை. ஒருவர் மட்டுமே வேட்புமனுக் கொடுத்தாலும் வாக்கெடுப்புக்கு அர்த்தம் இருக்கிறது. போட்டியின்றித் தெரிவு என்று கைதட்டிக் கலையும் வழக்கத்தைக் கோயில் சபை முதல் விளையாட்டுக் கழகம் வரை பார்த்து வளர்ந்த எனக்கு, இந்த ஒரு வரி பெரிய மரியாதையாகத் தெரிகிறது.

நாட்கணக்கும் முக்கியம். டெபியனில் வேட்புமனுவுக்கு ஒரு வாரம், கேள்வி பதிலுக்கு மூன்று வாரம், வாக்களிப்புக்கு இரண்டு வாரம். 2019 இல் முதல் வாரத்தில் ஒருவரும் முன்வரவில்லை. விதிப்படி இன்னொரு வாரம் நீட்டினார்கள், ஆட்கள் வந்தார்கள், தேர்தல் நடந்தது. நாங்கள் ஐந்து நிமிடத்தில் முடித்ததை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ‘கணினி’ என்றா ‘கணனி’ என்றா எழுதுவது என்பதே எங்கள் குழுவில் ஒரு தலைவரை ஏற்பதையும் மறுப்பதையும் தீர்மானிக்கக்கூடிய கேள்வி. அதைக் கேட்டுப் பதில் பெற ஒரு வாரமாவது கொடுத்திருக்க வேண்டாமா?

இரகசியத்திலும் டெபியன் கவனமாக இருக்கிறது. யார் யாருக்கு வாக்களித்தார் என்பதை வெளியிடுவதில்லை. ஆனால் தேர்தல் முடிந்ததும் எல்லாச் சீட்டுகளும் பெயரில்லாக் குறியீடுகளோடு பட்டியலாக வரும். தனக்கு அனுப்பப்பட்ட இரகசியச் சொல்லை வைத்து ஒவ்வொருவரும் தன் வாக்கைத் தேடிச் சரிபார்க்கலாம். தெருவில் இறங்கினால் யாரைப் பார்த்தாலும் உறவோ பள்ளித் தோழரோ ஆகிவிடும் ஊரில் கை உயர்த்துவது ஒருபோதும் சுதந்திரமான வாக்கு ஆகாது.

தலைவர் ஒருவர் வேண்டாம், சபை வேண்டும் என்போரும் எங்களிடம் இருக்கிறார்கள். அவர்கள் காட்டும் உதாரணம் பைத்தன் என்ற நிரலாக்க மொழி. அந்த மொழியை உருவாக்கிய குய்தோ வான் ரோசம் 2018 ஜூலையில் தலைமையிலிருந்து விலகினார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் சபை என்று தீர்மானித்தார்கள். தொடக்கத்தில் அதற்கு ஏற்பு வாக்கு முறையை வைத்தார்கள்: உங்களுக்குச் சம்மதமான எத்தனை பேருக்கும் புள்ளடி போடலாம், அதிகம் பெற்ற ஐவர் தெரிவாவார்கள். சீட்டு எளிது, எண்ணுவதும் எளிது. ஆனால் எங்கள் குழுவுக்கு இது ஆபத்து என்றே நினைக்கிறேன். 31 பேரில் 16 பேர் ஒன்றுசேர்ந்து ஒரே ஐவருக்குப் புள்ளடி போட்டு நிறுத்திக்கொண்டால் ஐந்து இடங்களும் அவர்களுக்கே. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் மாவட்டத்தில், மூதூர்க்காரருக்கோ சிங்களத்தில் மொழிபெயர்ப்பவருக்கோ ஒரு நாற்காலியும் கிடைக்காத சபையை நான் ஆதரிக்க மாட்டேன்.

சபைதான் என்றால் அப்பாச்சியின் வழி நல்லது. பல கட்டற்ற மென்பொருள் திட்டங்களைப் பேணும் அந்த அறக்கட்டளை தன் ஒன்பது இயக்குநர்களை மாற்றத்தக்க ஒற்றை வாக்கு முறையில் தெரிவுசெய்கிறது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையும் 2021 இல் இதற்கு மாறியது. வரிசை போடுவதுதான், ஆனால் உங்கள் வாக்கு ஒன்றாகவே கணக்கிடப்படும், முதல் விருப்பத்துக்குத் தேவைப்படாவிட்டால் அடுத்தவருக்கு நகரும். 31 வாக்குகள், ஐந்து இடங்கள் என்றால் ஓர் இடத்துக்குத் தேவையான ஒதுக்கீடு ஆறு வாக்குகள். ஆறு பேர் சேர்ந்து நின்றால் அவர்களுக்கு ஒரு குரல் உறுதி. ஒதுக்கீட்டுக்கு மேல் மிஞ்சும் வாக்குகளைப் பகிரும் கணக்கு சிக்கலானது. எண்ணுபவரை முன்கூட்டியே பழக்க வேண்டும். பைத்தனிடமிருந்து ஒரே ஒரு விதியை இதோடு சேர்த்துக்கொள்வேன்: ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த இருவருக்கு மேல் சபையில் இருக்க முடியாது. எங்களுக்கு அது ஒரே வளாகம், ஒரே பாடசாலை என்று பொருள்படும்.

அடுத்த கூட்டத்தில் நான் முன்மொழியப்போவது ஒற்றை ஒருங்கிணைப்பாளர், டெபியன் வழி. ஐந்து பேரைக் கூட்டி வைக்கும் அளவுக்கு எங்களிடம் வேலையும் இல்லை, பணமும் இல்லை. தலைவருக்கு அதிகாரமும் குறைவுதான். செய்ய விருப்பமில்லாத வேலையைச் செய்யும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று டெபியனின் யாப்பே சொல்கிறது.

வாக்காளர் பட்டியல்தான் இன்னும் முடியவில்லை. நிரல் அனுப்பியவர்களுக்கு மட்டும் வாக்கு என்று சிலர் கேட்கிறார்கள். மென்பொருளை நிறுவத்தக்க பொதிகளாக ஆக்கும் வேலையைச் செய்யாமல் மொழிபெயர்ப்பு, ஆவணம் என்று உழைப்பவர்களையும் வாக்குரிமையுள்ள உறுப்பினர்களாக ஏற்பதென்று டெபியன் 2010 இல் வாக்கெடுத்து முடிவு செய்தது. மூதூரில் இரவு வேலை முடித்துக் கைபேசியிலேயே சொற்களைத் திருத்தி அனுப்பும் பெண் ஒருவர் எங்களோடு இருக்கிறார். ஒரு வரி நிரல்கூட எழுதியதில்லை. அவருடைய பெயரைப் பட்டியலில் முதலாவதாக எழுதி வைத்திருக்கிறேன். விலகிப்போன இருவரின் பெயர்களையும் அதன் கீழே சேர்த்திருக்கிறேன். வேட்புமனு தொடங்கும் முன் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வருவேன்.