கிறிஸ்மஸ் அட் டாலிவுட்: நேர்ல சுத்துன பார்க்கை டிவில பாத்தப்போ

போன வருஷம் தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு அட்லாண்டால இருந்து கார எடுத்துக்கிட்டு ஸ்மோக்கி மலைப் பக்கம் போனோம், அம்மா கோயமுத்தூர்ல இருந்து வந்திருந்தாங்க, ரெண்டு நாள் தங்கி பிஜன் போர்ஜ்ல இருக்கற டாலிவுட் தீம் பார்க்கையும் சுத்திப் பாத்துட்டு வந்தோம். ஊருக்கு வந்து ரெண்டு வாரம் கழிச்சு ஒரு சனிக்கிழமை ராத்திரி, சாப்ட்டு முடிச்சு என்ன பாக்கலாம்னு தேடிட்டு இருந்தப்போ அம்மாவே திரையக் காமிச்சு இது நம்ம போன எடம் தானேன்னு கேட்டாங்க. அப்படி மாட்டுனது தான் இந்தப் படம். 2019 டிசம்பர்ல ஹால்மார்க் சேனல்ல வந்தது. நாங்க பாத்த ஆப்ல பத்து நிமிஷத்துக்கு ஒரு வாட்டி விளம்பரம், ஒரே கார் விளம்பரம் ஏழெட்டு தடவ, அதையும் பொறுத்துக்கிட்டு முழுசா பாத்தோம்.

ஹால்மார்க் படம் பாக்காதவங்களுக்கு ஒரு வார்த்த. வாழ்த்து அட்டை போடற கம்பெனியோட சேனல் அது, 2009ல இருந்து வருஷா வருஷம் கிறிஸ்மஸ் சீசன்ல வரிசையா புதுப் படமா போட்டுட்டே இருப்பாங்க. எல்லாத்துக்கும் ஒரே அச்சு தான், பெரிய சிட்டில வேல பாக்கற பொண்ணு சின்ன ஊருக்கு வரும், அங்க ஒருத்தர் கூட மொதல்ல முட்டிக்கும், அப்பறம் சேந்து மரம் அலங்காரம் பண்ணுவாங்க, கடைசி நிமிஷத்துல ஒரு முத்தம், முடிஞ்சுது. அந்த ஊர் எங்க இருக்குன்னு கேட்டா பாதி படத்துல பதில் கெடைக்காது, ஏன்னா அப்படி ஒரு ஊரே கெடையாது. எனக்கு இந்தப் படம் பிடிச்சதுக்கு மொதக் காரணமே இது தான், இதுல ஊர் நெஜம். டென்னசி மாநிலம் நெஜம், மலை நெஜம், அந்த பார்க்கோட பங்குதாரரான பாடகி டாலி பார்ட்டன் அவங்களாவே வந்து நிக்கறாங்க.

கதை சிம்பிள். ரேச்சல் நியூயார்க்ல விழா ஏற்பாடு பண்ணித் தர்ற வேலைல இருக்கறவங்க, குழந்தைய தனியா வளக்கறவங்க. டாலிவுட்டோட முப்பதாவது கிறிஸ்மஸ் திருவிழாவ நடத்தித் தர சொந்த ஊர்ப் பக்கமே வர்றாங்க. (அந்த முப்பது கற்பனை இல்ல, பார்க்ல இந்த விழா 1990ல ஆரம்பிச்சுது, 2019ல தான் முப்பதாவது.) பார்க்கை நடத்தறதுல பெரிய பொறுப்புல இருக்கற லூக், அடுத்து மேனேஜர் பதவி தனக்குன்னு எதிர்பாத்துட்டு இருக்கறவர், நான் இருக்கும்போது வெளிய இருந்து ஆள் எதுக்குன்னு அவருக்கு ஒரு கடுப்பு. ரெண்டு பேரையும் ஒண்ணா வேல பாக்க விட்டா என்ன ஆகும்னு மொதப் பத்து நிமிஷத்துலயே தெரிஞ்சிரும். அத நான் கொறையா சொல்லல, கல்யாண வீட்டுக்குப் போறவங்க தாலி கட்டுவாங்களா மாட்டாங்களான்னு பதட்டத்தோடயா போறாங்க.

ஆனா இந்தக் காதல் வேலைக்கு நடுவுல வளருது பாருங்க, அது தான் எனக்கு ரொம்ப ஒட்டுச்சு. ரெண்டு பேருமே வயசு வந்தவங்க, பொறுப்பு இருக்கறவங்க, தேதி நெருங்குது, ஒருத்தர் புதுசா ஏதாவது பண்ணணும்னு நெனைக்கறாங்க, இன்னொருத்தருக்கு வருஷா வருஷம் வர்ற ஜனம் எத எதிர்பாத்து வரும்னு தெரியும். இந்த இழுபறி எங்க ஊர்க் கோயில் கமிட்டில பாத்ததே தான், வெளியூர்ல இருந்து வந்தவர் ஒண்ணு சொல்வார், இருபது வருஷமா பந்தல் போடறவர் ஒண்ணு சொல்வார், ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கும். நேர்ல அந்த பார்க்குக்குப் போய் நின்னா தான் இந்த வேலையோட கனம் புரியும், 50 லட்சத்துக்கு மேல விளக்கு, ஒவ்வொரு மரத்துலயும் கிளை கிளையா சுத்திருக்காங்க, ஒரு தெரு முழுக்க ஒரே நெறம், அடுத்த தெரு திரும்புனா வேற. தீம் பார்க்குகளுக்குக் குடுக்கற கோல்டன் டிக்கெட் விருதுல கிறிஸ்மஸ் விழாவுக்கான பரிச இவங்க பல வருஷமா தொடர்ந்து வாங்கினது சும்மா இல்ல.

ரேச்சலா நடிச்சவங்க டானிக்கா மெக்கெல்லர். தி வண்டர் இயர்ஸ் சீரியல் பாத்து வளந்தவங்களுக்கு வின்னியா தெரியும். இவங்க கணக்குல பட்டம் வாங்குனவங்க, படிக்கறப்பவே ஒரு தேற்றத்த சேந்து நிரூபிச்சு அதுல இவங்க பேரும் இருக்கு, பொண்ணுங்களுக்கு கணக்கு பயம் போகணும்னு புத்தகமும் எழுதிருக்காங்க. அது தெரிஞ்சதாலயோ என்னவோ, படத்துல இவங்க பிளான் போட்டுப் பேசற எடமெல்லாம் எனக்கு நம்பற மாதிரி இருந்துச்சு. நியால் மேட்டர் தான் லூக், அலட்டாம நடிச்சிருக்கார். அம்மா சொன்ன ஒண்ணு இன்னும் மனசுல நிக்குது, அந்தப் பொண்ணு தனியா குழந்தைய வெச்சிருக்கு, ஆனா யாருகிட்டயும் எரக்கம் கேக்கல, மத்தவங்களும் பாவம்னு பாக்கல, நம்ம சீரியல்ல இப்படி ஒருத்தியக் காட்டுனா முதல் வாரமே அழ வெச்சிருப்பாங்கன்னாங்க. நூத்துக்கு நூறு சரி.

எனக்கு மனசுல ஒரே கொறை, டாலி வர்ற சீன் ரொம்பக் கம்மி. கொஞ்ச நேரம் வர்றாங்க, வந்தா திரையே வெளிச்சமாயிருது, அப்பறம் காணோம். இந்த மனுஷி அந்த பார்க்குக்கு பேர் மட்டும் குடுத்தவங்க இல்ல. அதே மலைல பன்னெண்டு பிள்ளைங்கள்ல நாலாவதா, வறுமைல பொறந்தவங்க, பிரசவம் பாத்த டாக்டருக்கு அவங்கப்பா ஒரு மூட்டை சோளமாவத் தான் கூலியா குடுத்தாராம். 1986ல அங்க ஏற்கனவே ஓடிட்டு இருந்த ஒரு பார்க்ல பங்குதாரரா சேந்து அதுக்கு தன் பேர வெச்சு ஊர் சனத்துக்கு வேல வர வெச்சாங்க. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்கறதுக்காக 1995ல கொழந்தைகளுக்கு மாசா மாசம் இலவசமா புத்தகம் அனுப்பற திட்டம் ஆரம்பிச்சு இன்னைக்கு பல நாட்டுக்குப் போயிட்டு இருக்கு. 2016ல அந்தப் பக்கம் காட்டுத்தீ வந்து வீடெல்லாம் எரிஞ்சப்போ வீடு போன குடும்பங்களுக்கு மாசம் கொறைஞ்சது ஆயிரம் டாலர்னு ஆறு மாசம் குடுத்தாங்க. இப்படி ஒரு ஆள கையில வெச்சுக்கிட்டு இத்தன கொஞ்சமா காமிச்சுட்டாங்களேன்னு எனக்கு ஆதங்கம் தான்.

பார்க் உள்ள டாலி பொறந்து வளந்த குடிசை மாதிரியே ஒரு ரெண்டு ரூம் வீடு இருக்கு, அவங்க அண்ணன் தம்பில ஒருத்தர் கட்டுனது, உள்ள அவங்கம்மா கையால அடுக்கி வெச்சது. பெரும்பாலும் அந்தக் குடும்பத்தோட சொந்தப் பொருளுங்க தான். வாசல்ல நின்னு எட்டிப் பாக்கணும், எங்கம்மா அங்கயே நின்னுட்டாங்க, பன்னெண்டு பிள்ளைங்க இதுக்குள்ளயான்னு திரும்பத் திரும்ப கேட்டாங்க. சின்ன வயசுல அவங்கம்மா வெட்டுத்துணி ஒட்டுத்துணியெல்லாம் சேத்து ஒரு கோட்டு தச்சுக் குடுத்து, அதப் போட்டுட்டுப் போனதுக்கு ஸ்கூல்ல சிரிச்சாங்கன்னு டாலி 1971ல ஒரு பாட்டே போட்டாங்க, அந்தக் கதைய அம்மாவுக்கு அங்க நின்னே சொன்னேன். கிறிஸ்மஸ் படத்துக்கு இதவிட நல்ல பொருள் எங்க கெடைக்கும்? ரேச்சலையும் லூக்கையும் அந்த வாசல்ல அஞ்சு நிமிஷம் உக்கார வெச்சுப் பேச விட்டிருந்தா அந்தக் காதலுக்கே வேற ஆழம் வந்திருக்கும்னு நான் நம்பறேன்.

இன்னொரு விஷயம், படத்துல எல்லாம் பளிச்சுனு சுத்தமா இருக்கும், நெஜ பார்க்குக்கு வாசன இருக்கு. பழைய பாணி மாவு மில்லுல இலவங்கப்பட்டை ரொட்டி போடறாங்க, மாவு உருண்டைய மேல கீறி, உருக்குன வெண்ணெய்ல முக்கி, பட்டைத்தூளும் சக்கரையும் கலந்ததுல பொரட்டி கண்ணு முன்னாடியே அடுப்புல வெக்கறாங்க, கையில வாங்கும்போது காகிதப் பெட்டிக்கு அடியில வெண்ணெய் ஊறிக்கிட்டே இருக்கும், பிச்சா பிச்ச எடத்துல ஆவி. நிலக்கரில ஓடற நெஜ நீராவி ரயில் ஒண்ணு மலை ஏறுது, எறங்குனதும் அம்மா தலைல கரித்தூள தட்டி விட்டேன், ஊட்டி ரயில் ஞாபகம் வந்துருச்சுன்னு வழி முழுக்க அதத் தான் பேசுனாங்க. இதெல்லாம் தெரிஞ்சவங்களுக்கு படம் பாக்கும்போது மூக்குக்கும் வேல வந்துரும், தெரியாதவங்களுக்கு அது அழகான அலங்காரமா மட்டும் போயிரும்னு ஒரு கவலை.

மொத்தத்துல பத்துக்கு ஏழு தருவேன், பார்க்குக்குப் போயிட்டு வந்தவங்களா இருந்தா எட்டு. வீட்ல பெரியவங்க, கொழந்தைங்க எல்லாரோடயும் உக்காந்து ரிமோட்ட கையில பிடிக்காம பாக்கலாம். இங்கிலீஷ் தான், ஆனா நிதானமா தெளிவா பேசறாங்க, அம்மாவுக்கு நான் விளக்கிச் சொன்னது ரெண்டே எடம் தான். படம் பாத்துட்டு நேர்ல போகணும்னு தோணுச்சுன்னா விழா நவம்பர் ஆரம்பத்துல இருந்து ஜனவரி மொத வாரம் வரைக்கும் நடக்கும், மத்தியானம் மூணு மணி வாக்குல உள்ள போங்க, குடிசை வீட்டையும் ரயிலையும் வெளிச்சத்துலயே முடிச்சிருங்க, இருட்டுனதும் விளக்கு பாக்க நடக்க ஆரம்பிக்கலாம். மலைக்குளிர் சட்டுனு எறங்கும், பெரியவங்களுக்கு காதுக்கு ஒரு மஃப்ளர் கண்டிப்பா எடுத்துக்கங்க.