‘வாழ்நாள் சந்தா’ சாட்டிலைட் ரேடியோ: வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள்

சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு கடையில் சாட்டிலைட் ரேடியோ (செயற்கைக்கோளிலிருந்து நேராகப் பெட்டிக்கு வரும் வானொலி) என்று சொல்லி வயதானவர்களிடம் பணம் பறிக்கிறார்கள். என் அப்பாவிடம் 280 வெள்ளி வாங்கியிருக்கிறார்கள். கர்நாடக சங்கீதம் கேட்கும் பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து இதைப் படித்துக் காட்டுங்கள்.

அப்பா சும்மா நம்பிவிடவில்லை. சென்னையில் சித்தப்பா வீட்டில் வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற சந்தா சாட்டிலைட் ரேடியோ இருந்தது. அதன் ஸ்ருதி சேனலில் நாள் முழுக்கக் கச்சேரிதான். ஊருக்குப் போனால் அப்பா அந்தப் பெட்டியை விட்டு நகர மாட்டார். ஏ.ஆர்.ரஹ்மான் அதற்கு விளம்பரத் தூதராக இருந்தது பலருக்கு நினைவிருக்கும். அமெரிக்காவிலிருந்த தாய் நிறுவனம் 2008 அக்டோபரில் திவால் பாதுகாப்பு கேட்டது. 2009 டிசம்பர் 31-உடன் இந்தியச் சேவையும் நின்றுபோனது. அப்போது அங்கே நான்கு லட்சத்துக்கும் அதிகமான சந்தாதாரர்கள் இருந்தார்கள். பெட்டி நன்றாக இருந்தும் பயனில்லை, வேறு எந்தச் செயற்கைக்கோள் ஒலிபரப்பையும் அதில் வாங்க முடியாது.

கடைக்காரர் அந்த ஏக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டார். “வேற கம்பெனி சாட்டிலைட்டை வாங்கிட்டாங்க ஐயா, இப்ப சிங்கப்பூர்லயே நல்லா எடுக்கும். ஒரு தடவ கட்டுனா போதும், வாழ்நாள் சந்தா” என்று சொல்லி ஒரு பழைய பெட்டியையும் தட்டையான ஆன்டெனாவையும் கொடுத்திருக்கிறார். அப்பா அதைச் சன்னல் விளிம்பில் வைத்து, ஒயரைத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளித்து, மணிக்கணக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிக்னல் கட்டம் ஒன்றுகூட நிறையவில்லை.

விசாரித்தபோதுதான் எனக்கே விஷயம் புரிந்தது. ஆசியாவுக்கான அந்தச் செயற்கைக்கோள், ஆசியாஸ்டார், 2000-ல் ஏவப்பட்டது. கிழக்குத் தீர்க்கரேகை 105 பாகையில் நின்றது. சிங்கப்பூர் இருப்பது கிட்டத்தட்ட 104 பாகையில், அதுவும் நிலநடுக்கோட்டை ஒட்டி. அப்படியென்றால் நமக்கு அது ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே! வீவக (அரசு அடுக்குமாடி) கட்டடத்தின் நடு மாடி வீட்டுச் சன்னலில் வைத்த ஆன்டெனாவுக்கும் அதற்கும் நடுவே மேல்மாடிகள் அத்தனையும் நிற்கின்றன. சேவை உயிரோடு இருந்த காலத்திலேயே எங்கள் வீட்டில் சரியாக எடுத்திருக்காது.

திரும்பக் கொண்டுபோனபோது பணத்தைத் தரவில்லை. “இனிமே இது ஆப்லதான் வரும்” என்று அப்பாவின் போனில் எதையோ ஏற்றி, கடவுச்சொல்லுக்கு இன்னும் 60 வெள்ளி கேட்டார்கள். திறந்து பார்த்தேன். அதில் சிங்கப்பூர்த் தமிழ் வானொலி ஒலி 96.8 இருக்கிறது, அகில இந்திய வானொலி இருக்கிறது. இரண்டையுமே யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம். ஓய்வூதிய வயதில் இருப்பவரிடம் இதற்குக் காசு கேட்க எப்படி மனசு வந்ததோ தெரியவில்லை.

சில இடங்களில் அமெரிக்க சாட்டிலைட் ரேடியோ நிறுவனமான சிரியஸ் எக்ஸ்எம் பெயரைக் காட்டியும் பேசுவார்கள். அது நிஜமான நிறுவனம்தான், மூன்று கோடிக்கும் மேல் சந்தாதாரர்கள் உண்டு. ஆனால் அதன் சேவை வட அமெரிக்காவுக்கு மட்டுமே. அங்கேயும் சந்தாதாரர் எண்ணிக்கை சரிந்து வருகிறது. சந்தாவை ரத்து செய்ய விடாமல் இழுத்தடிப்பதாக 2023 டிசம்பரில் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அதன்மேல் வழக்குப் போட்டார். நிலைத்திருக்கும் நிறுவனத்திலேயே இந்தக் கதை என்றால், பெயரில்லாத கடை தரும் ‘வாழ்நாள்’ யாருடைய வாழ்நாள்?

சரி, இப்போது என்ன செய்யலாம்? கடைக்காரரையே பெட்டியைப் போடச் சொல்லி, திறந்த வெளியில் பாட்டு வருகிறதா என்று கேட்டுப் பார்க்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். பேநவ்வில் (வங்கிக் கணக்கிலிருந்து போன் வழியாக உடனே பணம் அனுப்பும் வசதி) அனுப்பிய பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு, கடன் அட்டை என்றால் வங்கியிடம் முறையிட வழியாவது இருக்கும். ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுக்கலாம். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்கும் போகலாம். வழக்கறிஞர் தேவையில்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டணம் 10 வெள்ளிதான்.

நாங்கள் மனு தயார் செய்துகொண்டிருக்கிறோம். அப்பாவின் ரசீதில் ‘ரேடியோ செட்’ என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது, சந்தா பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதே மாதிரிப் பெட்டி வாங்கியவர்கள் ரசீதையும் கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாமல் என்னைத் தொடர்புகொள்ளுங்கள்.