தண்ணீர் நின்ற வாரத்தில் நோட்டோடு வந்த ஆள்: வேலூர்க்காரர்கள் கவனத்துக்கு

வேலூரில், குறிப்பாகக் காட்பாடிப் பக்கம் இருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். எங்களுக்கு 1,500 ரூபாய் போனது, அத்தைக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கு. பணத்தைக்கூட விட்டுவிடலாம், அத்தை சுருண்டு கிடந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

பாலாறு மணலாகக் கிடக்கிறது. மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீரை நம்பித்தான் எங்கள் தெரு இருக்கிறது. தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று நம் ஊரைச் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள் நான். குழாய் நின்றால் இங்கே என்ன பாடு என்பது எல்லோருக்கும் தெரியும். ஏமாற்றுகிறவர்களுக்கும் தெரியும்.

மெயின் லைன் உடைந்துவிட்டது, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார்கள் குடிநீர் அலுவலகத்தில். ஒன்பது நாள் ஆனது. மூன்றாம் நாள் போனில் புகார் கொடுத்தபோது, "லாரி அனுப்புறோம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். எப்போது, எங்கே, காசு உண்டா என்று எதுவும் சொல்லவில்லை.

மறுநாளே ஒருவர் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் நீளமான நோட்டு. "அம்மா, ஆபீஸ்லருந்துதான் வரேன். இப்ப எண்ட்ரி போட்டுக்கினாதான் நாளைக்கு லாரி வரும். ஆறாயிரம் லிட்டர், ஆயிரத்து ஐநூறு" என்றார். ஜிபேயில் அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு, லாரியோடு வரும் என்றார். அந்த அட்டையை வாங்கி ஒரு நிமிடம் படித்திருக்க வேண்டும்.

லாரி வந்தது, ரசீது வரவில்லை. இறக்கி முடித்ததும் மாமா சம்ப்பில், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியில், மூங்கில் கழியை விட்டுப் பார்த்தார். எங்கள் சம்ப் எட்டடி நீளம், ஆறடி அகலம். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால், ஓரடி ஏறினால் சுமார் 1,360 லிட்டர். ஆறாயிரம் இறங்கியிருந்தால் காலி சம்ப்பில் நாலரை அடி நின்றிருக்க வேண்டும். மூன்றடிதான் நின்றது. இரண்டாயிரம் லிட்டர் காணோம்! லாரிக்காரரைக் கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, ஏத்தினதை எறக்கினேன்" என்கிறார். நீங்களும் உங்கள் சம்ப்பின் நீள அகலத்தை இன்றே அளந்து சுவரில் எழுதி வையுங்கள்.

தண்ணீர் நாக்கில் கரித்தது. ஃபில்டர் சர்வீஸுக்கு வந்த பையன் மீட்டரில் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, பார்த்தான்: லிட்டருக்கு 2,300 மில்லிகிராம். குடிநீருக்கு 500-க்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில்கூட 2,000-தான் எல்லை. ஆனால் அந்த மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. கொதிக்க வைத்துத்தான் குடித்தோம். அத்தை மட்டும் பல் துலக்கவும் வாய் கொப்பளிக்கவும் அந்த லாரித் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் வீட்டுக் குழாயிலேயே பிடித்திருக்கிறார். டாக்டர் முதலில் கேட்டதே என்ன தண்ணீர் என்பதைத்தான்.

இதற்கிடையில் என் புகார் எண்ணுக்கு "தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் வந்தது. அன்றைக்கும் தெருக் குழாயில் காற்றுதான். நேரில் போனேன். "பணம் வாங்க யாரையும் அனுப்பலை, எங்க லாரி தெருமுனைக்குத்தான் வரும், இலவசம், குடத்துல பிடிச்சுக்கணும்" என்றார்கள். இதை முதல் நாளே ஓர் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லியிருந்தால் எங்கள் தெருவில் பதினோரு வீடு ஏமாந்திருக்குமா? அந்த ஆள் மேல் வந்த கோபத்தைவிட எனக்கு இதில்தான் கோபம் அதிகம்.

பத்தாம் நாள் தண்ணீர் வந்தது, செம்மண் நிறத்தில். லைன் காலியாகக் கிடக்கும்போது விரிசல் வழியாகச் சாக்கடை உள்ளே இறங்கும், குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம். தெளியும் வரை திறந்து விடுங்கள், சில நாளாவது கொதிக்க வைத்தே குடியுங்கள்.

பணம் போனதை இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930-ல் சொல்லியிருக்கிறேன். தீராத புகாரை எப்படி முடித்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மனு கொடுத்திருக்கிறேன். 30 நாளில் பதில் தர வேண்டும்.

நேற்று ராத்திரி பக்கத்துத் தெருவில் நீள நோட்டோடு ஒருவர் வீடு வீடாக ஏறி இறங்கியதாக எதிர்வீட்டு அக்கா சொன்னார். அங்கே இன்னும் தண்ணீர் வரவில்லை. அதனால்தான் பதிலுக்குக் காத்திருக்காமல் இன்றே எழுதுகிறேன்.