பள்ளி மாணவர்களுக்கான 'கட்டடக்கலை முகாம்': பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

காலாண்டு விடுமுறையில் கொடைக்கானலில் பள்ளி மாணவர்களுக்குக் கட்டடக்கலை வடிவமைப்பு முகாம் ஒன்று நடக்கவிருப்பதாகச் சென்ற வாரம் ஒரு விளம்பரம் என் கைப்பேசிக்கு வந்தது. முகாமின் பெயர் புதிது. ஆனால் அதிலிருந்த தொலைபேசி எண்ணும், அந்த எண்ணை அழைத்தபோது பேசிய குரலும் எனக்கு நன்கு பழக்கமானவை. கடந்த மே மாதம் நீலகிரியில் வேறொரு பெயரில் இதே நபர் நடத்திய பத்து நாள் முகாமுக்கு ரூ. 37,760 கட்டி மகளை அனுப்பியவன் என்ற முறையில், அங்கு நடந்ததைப் பிற பெற்றோரின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். இது பற்றி நான் கொடுத்த நுகர்வோர் புகார் விசாரணைக்கு வரவிருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

நான் கோத்தகிரி அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராக இருக்கிறேன். மகள் அப்போதுதான் பிளஸ் ஒன் முடித்திருந்தாள். உதகையிலுள்ள செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்தின் மரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்று கேள்விப்பட்டதிலிருந்து, 1829ஆம் ஆண்டு வாக்கில் அத்தனை பெரிய உத்தரங்களை இந்த மலைமேல் எப்படி ஏற்றியிருப்பார்கள் என்று என்னைத் துளைத்தெடுத்தவள் அவள். கட்டடக்கலைப் பட்டமான பி.ஆர்க். ஐந்தாண்டுப் படிப்பு, செலவும் குறைவில்லை. சேர்த்துவிட்டபின் பிடிக்கவில்லை என்று நடுவில் நின்றுவிடக் கூடாதே என்ற கவலை எனக்கும் என் மனைவிக்கும் இருந்தது. 'கல்லூரியில் சேருவதற்கு முன்பே கட்டடக்கலையைச் செய்து பாருங்கள்' என்ற விளம்பர வரி அந்தக் கவலையைச் சரியாகக் குறிபார்த்து அடித்தது.

நான்கு ஆர்க்கிடெக்டுகள் உடனிருந்து கற்பிப்பார்கள், தினமும் ஆறு மணி நேரம் வரைகூட வகுப்பு நடக்கும், தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து, நீலகிரி நூலகம், செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயம் ஆகியவற்றை அளந்து வரையும் களப்பயணம் உண்டு, முடிவில் கல்லூரிச் சேர்க்கைக்குப் பயன்படும் படைப்புத் தொகுப்பும் கட்டடக்கலைப் படிப்புக்கான நாட்டா நுழைவுத் தேர்வில் 'கூடுதல் மதிப்பெண் பெற உதவும்' சான்றிதழும் தரப்படும் என்றெல்லாம் வாக்குறுதிகள் இருந்தன. கட்டணம் ரூ. 32,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியாக ரூ. 5,760. பணத்தை யுபிஐ வழியாக ஒரு தனிநபரின் கணக்குக்கு அனுப்பச் சொன்னார்கள். பிறகு வந்த ரசீதில் வரித்தொகை தனியாகக் காட்டப்பட்டிருந்ததே தவிர, 15 இலக்க ஜிஎஸ்டி எண் எங்கும் இல்லை. நாள் முழுவதும் பிறருடைய பில்களில் அந்த எண்ணைச் சரிபார்த்தே சம்பளம் வாங்கும் நான், சொந்தப் பணம் போகும்போது அதைப் பார்க்காமல் விட்டேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

முகாம் கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்த ஒரு வாடகை பங்களாவில் நடந்தது. திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து பிள்ளைகளை ஏற்றிவந்த வேனுக்கு இ-பாஸ் எடுக்காததால் முதல் நாளின் பாதி வழியிலேயே கழிந்தது. நான்கு ஆர்க்கிடெக்டுகள் என்று சொல்லப்பட்டவர்களில் இருவர் வரவே இல்லை. வந்தவர்களில் ஒருவர் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவர். அவர் அதை மறைக்கவில்லை, பிள்ளைகளிடம் அன்பாகவும் நடந்துகொண்டிருக்கிறார். மற்றவர், தம்மை ஆர்க்கிடெக்ட் என்று அறிமுகப்படுத்திக்கொண்டவர், வீட்டு உள் அலங்கார வேலைகளை எடுத்துச் செய்பவர் என்பது பிறகுதான் தெரிந்தது. 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்டுகள் சட்டத்தின்படி, கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்யாத ஒருவர் அந்தப் பட்டத்தைத் தம் பெயருடன் போட்டுக்கொள்ள முடியாது. கட்டட வடிவமைப்புத் தொழிலைப் பிறர் செய்வதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை, பட்டப்பெயரைப் பயன்படுத்துவதைத்தான் தடுக்கிறது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே உள் அலங்காரம் செய்பவர் பாடம் எடுத்தது குற்றமன்று. அவரை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லி எங்களிடம் பணம் வாங்கியதுதான் என் புகார். பதிவு பெற்றவர்களுக்கு 'சி.ஏ.' என்று தொடங்கி, ஆண்டும் வரிசை எண்ணும் அடங்கிய ஓர் எண் உண்டு. கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டாலே தேடலாம். எனக்கு அதற்கு மூன்று நிமிடம் ஆனது, முகாம் முடிந்து இரண்டு வாரம் கழித்து.

களப்பயணங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையை வடிவமைத்த ராபர்ட் சிஷோமின் கைவண்ணமான நீலகிரி நூலகத்துக்கு முன்அனுமதி பெறாமல் சென்று, வெளியே நின்று படம் எடுத்துத் திரும்பினார்கள். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்து அரைப்பீப்பாய் போலக் கட்டிப் புல் வேய்ந்த தோடர் குடிலின் முன்னால் இருபது நிமிடம். தவழ்ந்து நுழையும் அளவுக்கு அந்த வாசல் ஏன் அவ்வளவு சிறிது என்று என் மகள் கேட்டதற்கு, "அந்தக் காலத்து ஆட்கள் குள்ளமாக இருந்தார்கள்" என்று பதில் வந்திருக்கிறது. மலைக்குளிரையும் காற்றையும் அறிந்த எவரும் சொல்லக்கூடிய பதிலன்று அது.

எனக்கு மிகவும் உறுத்தியது கடைசி ஐந்து நாட்களின் வேலை. 'மலையில் ஒரு விடுமுறை இல்லம்' என்பது தலைப்பு. ஒவ்வொருவருக்கும் ஒரு தெர்மாகோல் தட்டு, ஐஸ்கிரீம் குச்சிகள், பசை, சார்ட் பேப்பர் கொடுத்து, இணையத்திலிருந்து பிடித்த வீட்டின் படத்தை எடுத்து அதைப்போலச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். என் மகள் செய்தது தட்டைக் கூரையும் மூன்று பக்கக் கண்ணாடியும் கொண்ட நான்கு மாடி வீடு. அது நின்ற நிலம் மேசைப்பலகையைப் போலச் சமமாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிரில் சரிவைத் தவிர வேறொன்றும் தெரியாத அந்த பங்களாவில் உட்கார்ந்துகொண்டு, சரிவே இல்லாத நிலத்தில் வீடு கட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். மண்ணை எவ்வளவு வெட்டலாம், வெட்டிய மண் எங்கே போகும், தடுப்புச்சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீர் வெளியேற வழி என்ன என்ற பேச்சே எழவில்லை. 2009 நவம்பரில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டிய ஊர் கேத்தி. அந்த மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கட்டட உயரத்துக்குக் கடுமையான வரம்பு இருக்கும் மாவட்டம் இது என்பதுகூட, நான்கு மாடி வீட்டைப் பார்த்து "சூப்பர்" என்று கைதட்டியவருக்குத் தோன்றவில்லை.

இது என் மனக்குறை மட்டும்தானா என்று அறிய, கோவையில் பணிபுரியும் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட் ஒருவரிடம், மைத்துனர் மூலமாக, மகளின் படைப்புத் தொகுப்பைக் காட்டினோம். அந்த அம்மையார் ஒரு திருமணத்துக்காகக் கோத்தகிரி வந்திருந்தவர், எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பன்னிரண்டு தாள்களையும் பொறுமையாகப் புரட்டிவிட்டு, படிக்கட்டு வரைந்திருந்த தாளில் விரலை வைத்து, "இதில் ஏறினால் தலை எங்கேம்மா இடிக்கும்?" என்று கேட்டார். மகளுக்குப் பதில் தெரியவில்லை. அவர் டேப்பை எடுத்துவரச் சொல்லி, எங்கள் மொட்டைமாடிப் படியையே அவளை அளக்க வைத்தார். படியின் உயரம் ஆறரை அங்குலம், கால் வைக்கும் இடம் பத்து அங்குலம். கீழிருந்து மூன்றாவது படி மட்டும் ஏழரை அங்குலம். "இந்தப் படியில் யாராவது தடுக்கியிருக்கிறீர்களா?" என்றார். என் அம்மா உட்பட வீட்டில் எல்லோருமே அதில் ஒருமுறையாவது தடுக்கியவர்கள்தாம். பதினான்கு ஆண்டுகளாகக் காரணம் தெரியாமல் தடுக்கியவர்கள். பிறகு அந்தப் படிக்கட்டை நெடுக்காக வெட்டிப் பார்த்தால் எப்படித் தெரியும் என்று வரைய வைத்தார். சுமார் ஒரு மணி நேரம். பத்து நாட்களில் மகள் ஒருமுறைகூட வரையாத வெட்டுத்தோற்றம் அது. அந்தத் தாள் இப்போது அவள் மேசைக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கிறது. படைப்புத் தொகுப்பு அலமாரியில் இருக்கிறது.

சான்றிதழைப் பற்றி அவரிடமே கேட்டேன். நாட்டா தேர்வை நடத்துவது கட்டடக்கலைக் கவுன்சில்; இப்போதைய முறைப்படி மொத்தம் 200 மதிப்பெண், அதில் 80 கையால் வரையும் பகுதிக்கு. தமிழ்நாட்டில் பி.ஆர்க். கலந்தாய்வுக்கான தரவரிசை, பிளஸ் டூ மதிப்பெண்ணை 200க்கும் நாட்டா மதிப்பெண்ணை 200க்கும் கணக்கிட்டு முடிவாகிறது. இந்த இரண்டு 200க்கு நடுவே எந்த முகாமின் சான்றிதழும் நுழைய இடமில்லை. 'கூடுதல் மதிப்பெண் பெற உதவும்' என்ற சொற்களை, மதிப்பெண் கூட்டப்படும் என்று நாங்கள் புரிந்துகொள்ளும்படியே தொலைபேசியில் விளக்கினார்கள். எழுத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருந்திருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "பிள்ளைகளுக்கு அனுபவம் கிடைத்ததே சார், அதற்கு விலை உண்டா?" என்றார் அமைப்பாளர். பிறகு, அடுத்த முகாமுக்கு ரூ. 4,000 தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார். அதன் பிறகு என் அழைப்புகளை எடுப்பதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன். பலனில்லை என்றதும் உதகையிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இணையவழியே புகார் தாக்கல் செய்திருக்கிறேன். ஐந்து லட்ச ரூபாய் வரையான புகாருக்குக் கட்டணமில்லை. சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். என்னுடன் பிள்ளைகளை அனுப்பிய மற்ற பெற்றோர் ரசீது, விளம்பரப் படம், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருந்தால் அவர்களுக்கும் உதவும். எனக்கு மிகவும் கைகொடுத்தது, நான் தற்செயலாக அழிக்காமல் விட்ட அந்த முதல் விளம்பரம்தான்.

கொடைக்கானல் முகாமுக்குப் பணம் கட்ட நினைப்பவர்கள், கற்பிப்பவர்களின் பெயர்களையும் பதிவெண்களையும் எழுத்தில் கேளுங்கள். போன முகாமில் பிள்ளைகள் கையால் வரைந்த தளப்படம் ஒன்றையும் வெட்டுத்தோற்றம் ஒன்றையும் காட்டச் சொல்லுங்கள். நான் வேறு பெயரில் அழைத்து இவற்றைக் கேட்டேன். பதிவெண்ணைப் 'பிறகு அனுப்புகிறோம்' என்றார்கள். வரைபடத்துக்குப் பதிலாக, பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்கும் விளம்பரப் படத்தை அனுப்பினார்கள். அதில் இடமிருந்து இரண்டாவதாக, நான்கு மாடித் தெர்மாகோல் வீட்டைக் கையில் ஏந்தி நிற்பவள் என் மகள். எங்கள் அனுமதியில்லாத அந்தப் படத்தை நீக்கச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டேன். இன்று காலை வரை நீக்கவில்லை.