62,000 டாலர் போய்விட்டது: பழைய ஷெவெல் எஸ்.எஸ். வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

அமெரிக்காவில் இருந்துகொண்டு பழைய மசில் கார் (பெரிய இன்ஜின் வைத்த அந்தக் கால அமெரிக்க வேகக் கார்) மேல் ஆசை வைத்திருக்கிற நம்மவர்கள் எல்லோரும் இதைப் படியுங்கள். 62,000 டாலர்! 1970 ஷெவர்லே ஷெவெல் எஸ்.எஸ்.454 (ஷெவெலில் 454 கன அங்குல இன்ஜின் வைத்த வேக ரகம்), ‘நம்பர்ஸ் மேட்சிங்’, அதாவது தொழிற்சாலையில் பொருத்திய அதே இன்ஜின் என்று சத்தியம் செய்து விற்றார்கள். வீட்டு வாசலில் வந்து நிற்பது எஸ்.எஸ். வேஷம் போட்ட மாலிபு, அதாவது ஷெவெலின் சாதாரண ரகம். வயிறு எரிகிறது.

விற்றது வேறு மாநிலத்தில் உள்ள ஒரு கிளாசிக் கார் ஷோரூம். அடுத்தவர் கார்களைக் கமிஷனுக்கு விற்றுக்கொடுக்கும் இடம். வக்கீல் பேசிக்கொண்டிருப்பதால் பெயர் போடவில்லை.

1970 ஷெவெலில் வின் எண்ணை (காரின் அடையாள எண்ணை) பார்த்து எஸ்.எஸ். என்று சொல்ல முடியாது. 1966 முதல் 1968 வரை எஸ்.எஸ்.396 என்றால் எண் 138 என்று தொடங்கும். 1969 முதல் எஸ்.எஸ். வெறும் ஆப்ஷன், மாலிபுவுக்கும் அதற்கும் ஒரே 136தான். பானெட், டேஷ்போர்டு, பேட்ஜ் எல்லாம் புதிதாகவே கடையில் கிடைக்கிறது. ஆகவே தொழிற்சாலை பில்ட் ஷீட், அதாவது காரில் எதை எதைப் பொருத்த வேண்டும் என்று தொழிற்சாலையில் அச்சடித்த தாள், கேட்டேன். வீடியோ காலில் ஷோரூம் விற்பனையாளர் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த பழுப்பேறிய தாளைக் கேமராவுக்கு நேரே பிடித்தார். ஓரம் கிழிந்து, மடிப்பில் எண்ணெய்க் கறை. “பெட்ரோல் டேங்க் மேலே ஒட்டியிருந்தது, நானே எடுத்தேன்” என்றார். அந்தத் தாள் வழக்கமாகக் கிடைக்கிற இடமும் அதுதான். இன்ஜினில் அடித்திருந்த எண்ணையும் காட்டினார், காரின் எண்ணோடு சரியாகப் பொருந்தியது. அன்று மாலையே பணத்தை அனுப்பினேன்.

கார் வந்ததும், இந்தக் கார்களிலேயே ஊறிய ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்து இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பிளாக்கை வார்த்த தேதி அதிலேயே இருந்தது: ஹெச் 6 0. ஏ என்றால் ஜனவரி, ஹெச் என்றால் ஆகஸ்ட். 1970 ஆகஸ்ட் 6. இன்ஜினுக்குப் பின்னால் உள்ள ஃபயர்வால் தகட்டில் கார் கட்டிய தேதி 03பி, அதாவது மார்ச் இரண்டாம் வாரம். மார்ச்சில் ஓடி வந்த காருக்கு ஆகஸ்டில் வார்த்த இன்ஜின்! இன்ஜினில் எண் அடிக்கும் தளத்தில், தொழிற்சாலை மெஷின் விட்டுப்போகும் நேர்க்கோட்டுக் கீறல்கள் ஒன்றுகூட இல்லை. தேய்த்து மழமழவென்று ஆக்கிவிட்டுப் புதிதாக எண் குத்தியிருக்கிறார்கள். 62,000 டாலரில் பாதிகூட இந்தக் கார் தேறாது என்றார் அவர்.

போன் செய்தேன். முதலில், “ஐம்பது வருஷக் கார் சார், இன்ஜின் மாறியிருக்கும்.” மாறினால் மாறட்டும், எண்ணை எதற்கு மாற்றிக் குத்த வேண்டும்? அடுத்து, “நாங்கள் நடுவில் இருப்பவர்கள், ஓனரிடம் கேளுங்கள்.” ஓனர் யார் என்று கேட்டால் சொல்லக் கூடாதாம். அப்புறம், ‘உள்ளது உள்ளபடி வாங்குகிறேன்’ என்று நான் கையெழுத்திட்ட பக்கத்தை மட்டும் மெயிலில் அனுப்பினார்கள். இப்போது வரவேற்பில் இருக்கும் பெண், விற்பனையாளர் மீட்டிங்கில் இருக்கிறார் என்று சொல்லி வைத்துவிடுகிறாள். வாங்கும் வரை ராத்திரி பத்து மணிக்கும் போன் எடுத்தவர் அவர். அந்த மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

எதை எதைச் சரிபார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. அவசரமாகச் சில: அமெரிக்காவில் விற்ற பழைய ஷெவர்லேக்களுக்குக் ஒவ்வொரு காரும் எப்படிக் கட்டப்பட்டது என்று கம்பெனியிடம் கேட்டு வாங்கப் பதிவு இல்லை, மோசடிக்காரர்களுக்கு வசதியே அதுதான். 1967 முதல் வந்த ஃபோர்டு என்றால் மார்ட்டி ரிப்போர்ட், போன்டியாக் என்றால் பி.ஹெச்.எஸ். ஆவணம் (இரண்டுமே தொழிற்சாலைப் பதிவிலிருந்து அந்தக் காரின் விவரம் தருபவை), விற்பவர் கொடுப்பதை நம்பாமல் நீங்களே வரவழையுங்கள். 1970 டாட்ஜ், பிளிமத் கார்களில் ஹெமி (அவர்களுடைய பெரிய 426 இன்ஜின்) என்றால் வின் எண்ணில் ஐந்தாவது எழுத்து ஆர் ஆக இருக்க வேண்டும். ஷெவர்லேவுக்கு வார்ப்புத் தேதியின் போட்டோ கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். விற்பவருக்குத் தெரியாத ஒரு ஆளை உங்கள் செலவில் அனுப்பி, காரைத் தூக்கி வைத்துப் பார்க்காமல் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். இதே மாதிரி கமிஷன் ஷோரூமில் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், வக்கீலுக்குத் தேவைப்படுகிறது.